டேனியல் பௌலியின் ஆய்வுப் பணி: கருவிகள், கருதுகோள்கள், மறுப்புகள்

கடல் மீன்வளம் பற்றிய எந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் மீன்வள அறிவியலாளர் டேனியல் பௌலியின் பெயர் ஏன் வருகிறது, அவருடைய புகழ்பெற்ற முடிவுகளில் சில கடுமையாக மறுக்கப்பட்டிருக்கும்போது அவருடைய பங்களிப்பை எப்படி எடைபோடுவது என்பது கேள்வி. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பௌலியின் செல்வாக்குக்குக் காரணம் ஏதோ ஒரு தனிக் கண்டுபிடிப்பு அன்று. போதிய தரவு இல்லாத கடல்களைப் பற்றியும் எண்களோடு பேச முடியும், பேசியே ஆக வேண்டும் என்ற நிலைப்பாட்டை அவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கருவிகள், தரவுத்தளங்கள், கருதுகோள்கள் எல்லாம் அந்த ஒரே நிலைப்பாட்டிலிருந்து பிறந்தவை. அவர்மீது வைக்கப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவையும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

அவர் 1946இல் பாரிஸில், ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்கும் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர் ஒருவருக்கும் பிறந்தவர். சுவிட்சர்லாந்தின் லா ஷோ தெ ஃபோன் நகரில் வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தார். பதின்பருவத்தின் பிற்பகுதியில் ஜெர்மனிக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே பள்ளிப்படிப்பை முடித்து, கீல் பல்கலைக்கழகத்தில் மீன்வள அறிவியல் பயின்றார். முதுநிலை ஆய்வுக்காகக் கானா நாட்டின் சக்குமோ காயலுக்குச் சென்றார். வெப்பமண்டல நாடுகளில் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் வேண்டி எடுத்துக்கொண்ட முடிவு. அந்த முடிவுதான் பிற்பாடு அவருடைய அறிவியலின் வடிவத்தையே தீர்மானித்தது.

இது எப்படி என்று புரிய, அன்றைய மீன்வள அறிவியலின் நிலையைச் சற்று விளக்க வேண்டும். 1957இல் ரேமண்ட் பெவர்ட்டனும் சிட்னி ஹோல்ட்டும் வகுத்த கணிதச் சட்டகமே அத்துறையின் அடித்தளம். ஒரு மீன் இருப்பில், அதாவது ஒரு கடற்பகுதியில் வாழும் ஒரே இன மீன்களின் தொகையில், ஆண்டுதோறும் எத்தனை குஞ்சுகள் சேர்கின்றன, அவை எவ்வளவு வேகமாக வளர்கின்றன, இயற்கையாக எத்தனை இறக்கின்றன, வலையில் எத்தனை சிக்குகின்றன என்ற கணக்கை வைத்து எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்வது அதன் நோக்கம். இதற்கெல்லாம் மீனின் வயது தெரிந்தாக வேண்டும். வட கடலில் அது எளிது. குளிர்காலத்தில் மீனின் வளர்ச்சி மந்தமாவதால், தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் மரத்தின் ஆண்டு வளையம் போல ஒரு கோடு விழும். அதை எண்ணினால் வயது கிடைத்துவிடும். ஓர் இழுவலையில் பெரும்பாலும் ஒன்றிரண்டு இனங்களே வணிக முக்கியத்துவம் பெற்றிருந்த கடல்களுக்கும், பல பத்தாண்டுகளாகப் பதிவேடுகளை முறையாகப் பேணிய துறைமுகங்களுக்கும் ஏற்றபடி அந்த அறிவியல் வளர்ந்திருந்தது.

1970களின் நடுப்பகுதியில் ஜெர்மானியத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் இந்தோனேசியாவுக்குச் சென்ற பௌலி, ஜாவா கடலில் இழுவலை மீன்பிடிப்பை அறிமுகப்படுத்தும் பணியில் சேர்ந்தார். அங்கே ஒரே இழுப்பில் காரல், சங்கரா, நகரை என்று டஜன்கணக்கான இனங்கள் கலந்து வந்தன. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் நீரில் செவிக்கல் வளையங்களை நம்ப முடியவில்லை. நீண்டகாலப் பதிவேடுகளும் இல்லை. சிறு படகுகளின் பிடிப்பைக் கணக்கெடுக்க ஆளும் இல்லை. கீலில் கற்ற முறைகளை அப்படியே பயன்படுத்த வழியில்லை என்ற நிலையில் இரண்டு பாதைகள் இருந்தன. தரவு வரும்வரை காத்திருப்பது ஒன்று. இருக்கிற தரவிலிருந்து விடை பெறும் முறையை உருவாக்குவது மற்றொன்று. 1979இல் முனைவர் பட்டம் பெற்று, மணிலாவில் இயங்கிய பன்னாட்டு நீர்வாழ் வளங்கள் மேலாண்மை மையத்தில் சேர்ந்த பௌலி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் காலத்தில் வெளிவந்த ஆய்வுகளில் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும். முதலாவது, 1980இல் வெளியான இயற்கை இறப்பு வீதக் கட்டுரை. கடலில் மீன்கள் நோயாலும் முதுமையாலும் பிற மீன்களுக்கு இரையாவதாலும் எந்த வேகத்தில் இறக்கின்றன என்பதை நேரடியாக அளப்பது மிகக் கடினம். பௌலி உலகெங்கிலுமிருந்து 175 மீன் இருப்புகளின் தகவல்களைத் திரட்டி, ஓர் இனம் அடையக்கூடிய உச்ச நீளம், அந்த நீளத்தை அது எட்டும் வேகம், அது வாழும் நீரின் சராசரி வெப்பநிலை ஆகிய மூன்றும் தெரிந்தால் இறப்பு வீதத்தை மதிப்பிட்டுவிடலாம் என்று ஒரு சமன்பாட்டின் மூலம் காட்டினார். பெரிதாக வளரும் மீன் மெதுவாக இறக்கும். வேகமாக வளரும் மீனும் வெதுவெதுப்பான நீரில் வாழும் மீனும் விரைவாக இறக்கும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சமன்பாடு வெப்பமண்டல மீன்வள ஆய்வுகளில் ஏறத்தாழ வழக்கமாகவே இடம்பெற்று வருகிறது. பிற ஆய்வாளர்கள் அவரை மேற்கோள் காட்டும் எண்ணிக்கையில் கணிசமான பங்கு இந்தக் கட்டுரைக்கு உரியது என்பதைப் பொதுவெளியில் அவரை அறிந்தவர்கள் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, நீளப் பரவல் முறை. மீனின் வயது தெரியாவிட்டாலும், இறங்குதளத்தில் ஓர் அளவுகோலோடு உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மீன்களின் நீளத்தை மாதந்தோறும் அளந்துவிட முடியும். ஒரே பருவத்தில் பிறந்த குஞ்சுகள் ஒரு கூட்டமாக வளர்வதால், நீள வரைபடத்தில் அவை ஒரு மேடாகத் தெரியும். அந்த மேடு மாதத்துக்கு மாதம் வலப்புறம் நகர்வதைப் பின்தொடர்ந்தால் வளர்ச்சி வேகம் கிடைக்கும். இதைக் கண்ணால் பார்த்து ஊகிக்கும் வழக்கம் முன்பே இருந்தது. மேடுகளை யார் பார்த்தாலும் ஒரே விதமாகக் கணிக்கும் வகையில், அன்றைய சிறு கணினிகளில் ஓடக்கூடிய ‘எலிஃபான்’ என்ற நிரலாக அதை பௌலியும் அவருடைய சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். பிற்காலத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புடன் இணைந்து ‘ஃபைசாட்’ என்ற மென்பொருள் தொகுப்பாக அது விரிவடைந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் மீன்வள ஆய்வாளர்களில் ஒரு தலைமுறையே இந்தத் தொகுப்பைக் கொண்டுதான் வேலை கற்றது.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எளிதாகக் கிடைக்கும் கருவி எளிதாகவே தவறாகவும் பயன்படுகிறது. ஒரே வகை வலையில் சிக்கிய மீன்களை மட்டும் அளந்து, மாதிரிகள் போதாத நிலையிலும் மென்பொருளில் எண்களைக் கொடுத்து, அது தரும் சுரண்டல் விகிதம் (மொத்த இறப்பில் மீன்பிடிப்பால் நேரும் பங்கு) 0.5ஐத் தாண்டினால் ‘மிகைமீன்பிடிப்பு’ என்று முடிவுகட்டும் கட்டுரைகள் மிக அதிகம். அந்த 0.5 என்ற எல்லையும் முந்தைய தலைமுறை மீன்வள அறிவியலாளர் ஜான் கல்லண்டின் காலத்தில் தோராயமாக வகுக்கப்பட்ட ஒன்றுதான். கண்ணளவு பெரிய வலையில் சிறு மீன்கள் தப்பிவிடும் என்பதையும், மிகப் பெரிய மீன்கள் மாதிரியில் அரிதாகவே வரும் என்பதையும் கணக்கில் எடுக்காதவரை வளர்ச்சிக் கணிப்பு பிழையாகவே இருக்கும். வெப்பமண்டல மீன்கள் பலவற்றின் செவிக்கல்லிலும் ஆண்டு வளையங்கள் விழுகின்றன என்று பிந்தைய ஆய்வுகள் நிறுவிவிட்டதால், நீளத்தை மட்டும் நம்பும் கட்டாயமும் முன்புபோல் இல்லை. இதற்குக் கருவியைச் செய்தவரைக் குறைசொல்ல முடியாது என்றாலும், செல்வாக்கை மேற்கோள் எண்ணிக்கையால் மட்டும் அளப்பதில் உள்ள சிக்கலுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மணிலாவில் தொடங்கிய இன்னொரு பணி ஃபிஷ்பேஸ். ரெய்னர் ஃப்ரோஸ என்ற ஜெர்மானிய ஆய்வாளருடன் இணைந்து, உலகின் மீன் இனங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர், பரவல், உணவு, வளர்ச்சி, இனப்பெருக்கம் பற்றிய தகவல்களை ஒரே இடத்தில் தொகுக்கும் திட்டம் அது. 1990களின் நடுவில் குறுந்தகடாக வெளிவந்து, பிறகு இணையத்துக்கு வந்தது. இன்று ஏறத்தாழ 35,000 இனங்களை உள்ளடக்கியிருக்கிறது. நூலக வசதி இல்லாத கடலோர ஆய்வு நிலையத்தில் இருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, இணையத்துக்கு முந்தைய காலத்தில் ஒரு மீனின் உணவுப் பழக்கத்தைத் தேடி அலைந்தவர்கள்தான் முழுமையாக உணர்வார்கள். என் மதிப்பீட்டில் பௌலியின் பணிகளில் சர்ச்சைக்கு மிகக் குறைவாக உள்ளானதும் பயன் மிக அதிகமாக விளைந்ததும் இதுவே.

ஈக்கோபாத் என்ற சூழல்தொகுதி மாதிரி அவருடைய சொந்தப் படைப்பு அன்று. ஹவாய்த் தீவுகளின் வடமேற்கிலுள்ள பிரெஞ்சு ஃபிரிகேட் ஷோல்ஸ் என்ற பவளத்திட்டுக்காக ஜெஃப்ரி பொலோவினா 1980களின் தொடக்கத்தில் அதை வடிவமைத்தார். ஒரு கடற்பகுதியில் எந்த உயிரினக் கூட்டம் எவ்வளவு உற்பத்தியாகிறது, அதில் எவ்வளவு பிறவற்றுக்கு இரையாகிறது, எவ்வளவு மீனவர் கைக்கு வருகிறது என்று வரவு செலவு பார்த்து இரண்டையும் சமன்செய்வதே அதன் சாரம். அதன் பொதுப் பயன்பாட்டை உணர்ந்து, வில்லி கிறிஸ்டென்சனுடன் சேர்ந்து யாரும் பயன்படுத்தக்கூடிய மென்பொருளாக அதை வளர்த்தெடுத்தது பௌலியின் பங்கு. பின்னர் கார்ல் வால்ட்டர்ஸ் அதில் காலமாற்றத்தைக் கணிக்கும் பகுதியைச் சேர்த்தார். அமெரிக்கக் கடல் வளிமண்டல அமைப்பு தன் இரு நூற்றாண்டு நிறைவின்போது வெளியிட்ட பத்து முக்கிய அறிவியல் சாதனைகளின் பட்டியலில் ஈக்கோபாத்தையும் சேர்த்தது.

1994இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு அவருடைய எழுத்தின் தொனி மாறுகிறது. மறுவருடமே, ஒரே ஒரு பக்கம் நீளமுள்ள ஒரு கட்டுரையில், ‘நகரும் அடிக்கோடு’ (ஒப்பீட்டுக்கான தொடக்க நிலையே நகர்ந்துவிடுவது) என்ற கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் பணியில் சேர்ந்தபோது இருந்த மீன்வளத்தையே இயல்பான நிலையாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த தலைமுறை அதைவிடக் குறைந்த நிலையிலிருந்து தொடங்குகிறது. இப்படியே படிப்படியாக நிகழும் பேரிழப்பு எவர் கண்ணுக்கும் இழப்பாகத் தெரியாமல் போகிறது என்பது வாதம். அந்தக் கட்டுரையில் புதிய தரவு எதுவும் இல்லை. ஆனால் அது ஒரு கேள்வியைக் கொடுத்தது. பிறர் அந்தக் கேள்விக்குத் தரவு தேடினார்கள். மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்களிடம் கேட்டபோது, முதியவர்கள் நினைவுகூர்ந்த அழிந்துபோன இனங்களையும் வெறுமையாகிவிட்ட மீன்பிடி இடங்களையும் இளைஞர்கள் அறிந்திருக்கவே இல்லை என்று 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில், சுற்றுலாப் படகுகளில் பிடித்த மீன்களோடு எடுத்த பழைய புகைப்படங்களை 2009இல் ஒருவர் ஒப்பிட்டபோது, 1950களில் ஏறத்தாழ 20 கிலோவாக இருந்த பரிசு மீனின் சராசரி எடை 2007இல் 2.3 கிலோவாகச் சுருங்கியிருந்தது. படத்தில் நிற்பவர்களின் மகிழ்ச்சியில் மட்டும் மாற்றமில்லை. இன்று காடு, பறவை, ஆறு பற்றிய ஆய்வுகளிலும் இக்கருத்து எடுத்தாளப்படுகிறது.

அதிகம் பேசப்பட்டதும் அதிகம் தாக்கப்பட்டதும் 1998இல் அவர் நான்கு சகாக்களுடன் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை. உணவுவலையில் பாசியும் மிதவைத் தாவரங்களும் முதல் நிலை. அவற்றைத் தின்பவை இரண்டாம் நிலை. அவற்றைத் தின்பவை மூன்று, அதற்கு மேல் சூரை, சுறா போன்ற கொன்றுண்ணிகள். உலக மீன்பிடிப்பில் சிக்கியவற்றின் சராசரி ஊட்டநிலையைக் கணக்கிட்டால், 1950களின் தொடக்கத்தில் 3.3க்குச் சற்று மேலிருந்தது 1994இல் 3.1க்கும் கீழே இறங்கிவிட்டது என்று அக்கட்டுரை காட்டியது. மேலே இருக்கும் பெரிய மீன்களைத் தீர்த்துவிட்டு, மனிதர்கள் படிப்படியாகக் கீழ்நிலை உயிரினங்களுக்கு இறங்குகிறார்கள் என்பது அதன் முடிவு. பல்லுயிர் உடன்படிக்கை அமைப்பு 2004இல் இந்தச் சராசரியைக் கடல்வளத்தின் நிலையைக் காட்டும் குறியீடாக ஏற்றுக்கொண்டது.

மறுப்புகள் அதே ஆண்டிலேயே தொடங்கின. அவற்றில் இரண்டு வலுவானவை. மேல்நிலை மீன்களின் பிடிப்பு குறையாமலே, கீழ்நிலை இனங்களுக்கான புதிய மீன்பிடித் தொழில் சேர்ந்தாலும் சராசரி இறங்கும். பல கடற்பகுதிகளில் நடந்தது இதுதான் என்று டிமொத்தி எசிங்டன் குழுவினர் 2006இல் காட்டினார்கள். பிடிப்பின் சராசரி ஒன்று, கடலில் உண்மையில் இருக்கும் மீன்களின் சராசரி வேறு. கள அளவைகளோடும் இருப்பு மதிப்பீடுகளோடும் ஒப்பிட்டால் பல இடங்களில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்று ட்ரெவர் பிராஞ்ச் குழுவினர் 2010இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இதற்கு பௌலி தரப்பின் விடை, படகுகள் ஆண்டுதோறும் ஆழ்கடலுக்கும் புதிய பகுதிகளுக்கும் விரிவதால் அங்கே கிடைக்கும் பெரிய மீன்கள் கரையோரச் சரிவை மறைத்துவிடுகின்றன என்பது. இந்தியக் கடற்கரையை எடுத்துக்கொண்ட ஆய்வுகளிலும் இதே சிக்கல் தெரிகிறது. விவேகானந்தன் முதலானோர் 2005இலும், பத்தல், பௌலி இருவரும் 2008இலும் வெளியிட்ட ஆய்வுகள் ஊட்டநிலைச் சரிவைப் பதிவு செய்தன. அதோடு, மீன்பிடிப்பு ஆழமான நீருக்கு விரிந்ததைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த எண்ணைப் பொருள்கொள்ள முடியாது என்பதையும் பிந்தைய ஆய்வு வலியுறுத்தியது. என் பார்வையில், ஒரு குறிப்பிட்ட கடலின் நலத்தை இந்தச் சராசரியை மட்டும் வைத்துத் தீர்ப்பது பிழை. கரையோரங்களில் பெரிய கொன்றுண்ணிகள் அருகிப்போனது என்ற அடிப்படை உண்மையை மறுப்பதும் பிழை. பிராஞ்சின் கட்டுரை குறியீட்டைத்தான் தகர்க்கிறது. அந்த உண்மையை அன்று.

1999இல் பியூ அறக்கட்டளையின் ஆதரவோடு அவர் தொடங்கிய, நம்மைச் சூழ்ந்த கடல் என்னும் பெயர் கொண்ட திட்டத்தின் நோக்கம், உலக மீன்பிடிப்பு உண்மையில் எவ்வளவு என்று கண்டறிவது. இதன் முதல் அதிர்ச்சி 2001இல் வந்தது. ரெஜ் வாட்சனும் பௌலியும் கடற்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அந்தந்த இடத்தின் ஆழம், உற்பத்தித்திறன் முதலியவற்றைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க பிடிப்பைக் கணித்தபோது, சீனா அறிவித்திருந்த எண்கள் மட்டும் நம்பமுடியாத அளவு உயர்ந்திருந்தன. உற்பத்தி உயர்வைக் காட்டும் அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் அமைப்பில் எண்கள் ஊதிப்போவதில் வியப்பில்லை. அந்த ஊதலைக் கழித்துப் பார்த்தால், உயர்ந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நம்பிய உலக மீன்பிடிப்பு 1980களின் இறுதியிலிருந்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 3.6 லட்சம் டன் என்ற வீதத்தில் குறைந்துவந்தது தெரிந்தது.

அடுத்த பிழை எதிர்த்திசையிலானது. நாடுகள் உணவு வேளாண்மை அமைப்புக்கு அனுப்பும் அறிக்கைகளில் சிறுதொழில் மீனவரின் பிடிப்பு, வீட்டு உணவுக்காகப் பிடித்தது, பொழுதுபோக்காகப் பிடித்தது, கடலிலேயே வீசியெறியப்பட்டது ஆகியவற்றில் பெரும்பகுதி இடம்பெறுவதில்லை. தரவு இல்லாத இடம் வெறுமையாக விடப்படுகிறது. வெறுமை கூட்டலில் பூச்சியமாகிவிடுகிறது. பூச்சியம் என்பது நிச்சயமாகத் தவறான விடை என்று தெரிந்திருக்கும்போது, தோராயமான மதிப்பீடு எவ்வளவு குறைபாடுடையதாக இருந்தாலும் அதைவிட மேலானது என்பது பௌலியின் வாதம். பல நாடுகளின் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்களுடன் 1950 முதலான பிடிப்பை நாடுவாரியாக மறுகட்டமைத்து, டிர்க் செல்லருடன் 2016இல் வெளியிட்ட முடிவு இது: 1996இல் உச்சத்தைத் தொட்ட உலகக் கடல் மீன்பிடிப்பு, அறிவிக்கப்பட்ட 8.6 கோடி டன் அன்று. ஏறத்தாழ 13 கோடி டன். அதன் பிறகான வீழ்ச்சியும் அறிவிக்கப்பட்டதைவிடச் செங்குத்தானது. உணவு வேளாண்மை அமைப்பைச் சேர்ந்தவர்கள் இதன் முறையியலை எதிர்த்து எழுதினார்கள். மறுகட்டமைத்த எண்களின் பிழைவரம்பு பெரிது என்பதும் உண்மை. ஆனால் சிறுதொழில் மீனவரைக் கணக்கெடுக்காமல் விடுவது நடுநிலைமை ஆகாது, அதுவும் ஒரு மதிப்பீடுதான் என்பதை இந்த வேலை பலருக்கும் உணர்த்தியது. கொள்கை வகுப்பில் அதன் விளைவு எளியதன்று: ஒரு மீனவச் சமூகம் பிடிப்பது பூச்சியம் என்று ஏட்டில் இருந்தால், அந்தக் கடற்பகுதியை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் கொடுத்துவிடும்போது இழப்பும் பூச்சியம் என்றே தோன்றும்.

பிடிப்பின் எண்ணிக்கை கடலில் உள்ள மீனின் அளவைக் காட்டுமா என்பதில் அவருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரே ஹில்போர்னுக்கும் நடந்த விவாதம் 2013இல் நேச்சர் இதழில் நேருக்கு நேராகவே வெளிவந்தது. மேலாண்மைக் கட்டுப்பாடுகளால் பிடிப்பு குறைந்தாலும் அது வீழ்ச்சியாகவே கணக்கில் ஏறிவிடும் என்பது ஹில்போர்ன், பிராஞ்ச் இருவரின் வாதம். அமெரிக்கா போல ஆண்டுதோறும் இருப்பு மதிப்பீடு நடக்கும் நாடுகளைப் பொறுத்தவரை அது சரியே. உலகின் மீனினங்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய மதிப்பீடே இல்லாதபோது பிடிப்பைத் தவிர வேறு எதைப் பார்ப்பது என்பது பௌலியின் எதிர்க்கேள்வி. ஜாவா கடலில் எழுந்த கேள்வியை அவர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பிடிவாதத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பொதுவெளியில் அவர் பேசும்போது எச்சரிக்கையின் குரல் தரவு அனுமதிப்பதைவிட ஓரளவு உரக்க ஒலிப்பதுண்டு. அவருடைய நண்பர்களும் இதை மறுப்பார்கள் என்று நினைக்கவில்லை.

விருதுகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2005இல் ஜப்பானின் காஸ்மோஸ் பரிசும், 2006இல் வோல்வோ சுற்றுச்சூழல் பரிசும், 2023இல் மீன்வளப் பொருளியலாளர் ரஷீத் சுமைலாவுடன் பகிர்ந்துகொண்ட டைலர் பரிசும் அவற்றில் முதன்மையானவை. மீன்பிடித் தொழிலுக்கு அரசுகள் தரும் மானியமே தேவைக்கு மேற்பட்ட கப்பல்களைக் கடலில் வைத்திருக்கிறது என்று சுமைலா நடத்திய ஆய்வுகள், உலக வணிக அமைப்பின் 2022ஆம் ஆண்டு மீன்வள மானிய உடன்படிக்கைக்கு முந்தைய விவாதங்களில் பெரிதும் எடுத்தாளப்பட்டவை.

அவருடைய மிகப் பழைய கருத்து இன்னும் தீர்ப்பு வராமல் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே அவர் முன்வைத்தது அது. மீனின் செவுள் ஒரு பரப்பு. உடலோ ஒரு கனஅளவு. மீன் வளர வளர, உடலின் தேவைக்கு ஈடாகச் செவுளின் பரப்பு பெருக முடியாது. ஆகவே ஓர் அளவுக்கு மேல் ஆக்சிஜன் பற்றாக்குறையே வளர்ச்சியை நிறுத்துகிறது. நீர் சூடானால் மீனின் ஆக்சிஜன் தேவை உயரும், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். எனவே மீன்கள் சிறுத்துப்போகும். வில்லியம் செயுங் தலைமையில் 2013இல் வெளிவந்த ஆய்வு, பசுங்குடில் வாயுக்களின் வெளியீடு உயர்ந்த நிலையிலேயே தொடர்ந்தால் 2050க்குள் மீன்களின் உச்ச உடல் எடை 14 முதல் 24 விழுக்காடு வரை குறையலாம் என்று இதன் அடிப்படையில் கணித்தது. உடலியங்கியலாளர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. செவுள் என்பது மடிப்பு மடிப்பான உறுப்பு, தேவைக்கேற்பப் பரப்பைப் பெருக்கிக்கொள்ள வடிவவியல் எந்தத் தடையும் விதிக்கவில்லை, பெரிய மீனின் செவுள் சிறிதாக இருப்பது அதன் தேவை குறைவாக இருப்பதன் விளைவே தவிரக் காரணம் அன்று என்று ஷானி லெஃபெவ்ர் முதலானோர் 2017இல் எதிர்வாதம் வைத்தனர். பௌலியும் செயுங்கும் மறுபதில் எழுதினர். வெப்பமான நீரில் மீன்கள் சிறிய உடலோடு முதிர்ச்சி அடைவது பல இனங்களில் காணப்பட்ட உண்மை. அதற்குச் செவுள்தான் காரணமா, வேறு உடலியங்கியல் வழிகளா என்பதே சர்ச்சை. வெவ்வேறு ஆக்சிஜன் அளவிலும் வெப்பநிலையிலும் மீன்களைப் பல தலைமுறைகள் வளர்த்து, செவுள் பரப்பையும் வளர்ச்சியையும் ஒன்றாக அளக்கும் சோதனைகளே இதைத் தீர்க்க முடியும். மென்பொருளால் முடியாத வேலை அது.